ஜிம்முக்கு ஒரு துண்டு போதாது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை முடிந்ததும் ஜிம்முக்கு ஓடும் பிள்ளைகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். போன மாதம் என் தம்பி மகனுக்கு முழங்காலுக்குப் பின்னால் சிவந்து ஒரு கட்டி. கொசுக்கடி என்று நினைத்துப் பிதுக்கிவிட்டான். மூன்றாம் நாள் கால் வீங்கி, கிளினிக்கில் கீறிச் சீழ் எடுக்க வேண்டியதாயிற்று, பாவம்.

இப்படிப்பட்ட கட்டிகள் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருபவை. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர் மூக்கில் இது தொல்லை தராமல் குடியிருக்கும். தோலில் கீறல் விழுந்தால் உள்ளே நுழைந்துவிடும். ஷேவ் செய்த இடம், பார்பெல் உரசி உரிந்த உள்ளங்கை எல்லாம் அதற்கு வாசல்.

ஆகவே இரண்டு துண்டு கொண்டுபோங்கள். ஒன்று பெஞ்சில் விரிக்க, மற்றது முகம் துடைக்க. நிறம் வேறாக இருந்தால் மாறிப்போகாது. பெஞ்சில் கிருமிநாசினி தெளித்த கையோடு துடைத்துவிடுகிறோமே, அதுதான் தப்பு. பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாகவே விட வேண்டும். காயத்தைப் பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். சீழ் கசிந்து மூட முடியாவிட்டால், ஆறும்வரை ஜிம் வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த சட்டையோடு எல்ஆர்டி ரயில் ஏறி வீட்டுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிடாதீர்கள். உடனே சோப்புப் போட்டுக் குளியுங்கள். ரேசரை யாருக்கும் இரவல் தராதீர்கள்.

சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் சின்னக் கட்டியைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.