மும்மொழி நிறுவனத்துக்குக் காட்சி அடையாளக் கையேடு தயாரித்தல்

இலங்கையின் கிழக்கிலுள்ள மருதமுனையில் கைத்தறிச் சேலையும் சாரமும் நெய்து விற்கும் நிறுவனமொன்று, கல்முனையிலும் அம்பாறை நகரிலும் கிளை திறக்க எண்ணி, காட்சி அடையாளக் கையேடு (பெயர், இலச்சினை, நிறம், எழுத்துரு ஆகியவற்றை எங்கும் ஒரே விதமாகப் பயன்படுத்துவதற்கான விதிகளின் தொகுப்பு) கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பாளர் முதலில் செய்ய வேண்டியது, நிறுவனத்தின் பெயர் தற்போது எங்கெல்லாம் இடம்பெறுகிறது என்பதைத் திரட்டுவதாகும். பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டுப் புத்தகம், இறப்பர் முத்திரை, லொறிக் கதவு, சேலை லேபல், முகநூல் பக்கம் ஆகிய அனைத்தையும் படமெடுத்து ஒருசேரப் பார்த்தால், எந்த விதிகள் தேவை, எவை வெறும் அலங்காரம் என்பது தெளிவாகும்.

கையேட்டில் அதிக உழைப்பைக் கோருவது மும்மொழிப் பெயரே. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே புள்ளியளவில் அடித்தால் அவை ஒரே அளவாகத் தோன்றா. ஆகவே 'க' என்ற எழுத்தின் உயரத்தை அடிப்படையாகக் கொண்டு மற்ற இரண்டையும் கண்ணளவில் சமப்படுத்தி, அந்த விகிதத்தைச் சதவீதமாகக் குறித்துவிட வேண்டும். 'கீ' மேலேயும் 'ழு' கீழேயும் நீள்வதால் தமிழுக்கு வரி இடைவெளி சற்றுக் கூடுதலாக வேண்டும். நோட்டோ சான்ஸ் எழுத்துரு மூன்று மொழிகளுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சகங்களில் புழங்கும் பாமினி எழுத்துரு, கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிக்கோட் அல்லாததால், அது நிறுவப்படாத கணினியில் தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எந்த எழுத்துருவாயினும் இலச்சினையிலுள்ள பெயரைக் கேர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றியே கொடுங்கள். மொழிகளின் வரிசை கல்முனைக் கிளைக்கும் அம்பாறைக் கிளைக்கும் வேறுபடலாம் என்பதால், உரிமையாளரிடம் கேட்டு இரண்டையும் வரைந்து காட்டுவது நல்லது.

நிறங்களுக்குத் திரைக்கான எண்களையும் அச்சுக்கான எண்களையும் தனித்தனியே தாருங்கள். அச்சு மைகளான சியான் (வெளிர்நீலம்) 100 சதவீதம், மஜெந்தா (செந்நிறம் கலந்த ஊதா) 100 சதவீதம் என்று கலந்த நீலம் அச்சில் ஊதாவாக விழும்; மஜெந்தாவை 70 அல்லது அதற்குக் கீழே வைத்தால் நீலமாகவே நிற்கும். முத்திரைக்கும் பற்றுச்சீட்டுக்கும் ஒற்றை நிற வடிவம் அவசியம். அதை 15 மில்லிமீற்றர் அகலத்தில் அச்சிட்டு, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் அடைபடுகின்றனவா என்று பார்த்த பின்னரே குறைந்தபட்ச அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவற்றுக்கு ஒரு பக்கம் போதும். பெனரின் அகலத்துக்கேற்ப இலச்சினையை இழுப்பதும், வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெருப்பித்து அச்சிடுவதுமே இங்கு அதிகம் நடப்பவை. (பெருநிறுவனங்களின் தடித்த கையேடுகளைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை, இத்தகைய நிறுவனத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள் தாராளம்.) பிடிஎஃப், எஸ்விஜி, பிஎன்ஜி கோப்புகளைக் கையேட்டுடன் ஒரே கோப்புறையில் ஒப்படைத்து, அவற்றை அச்சகத்துக்கு அனுப்பும் பொறுப்பு எந்தப் பதவியிலுள்ளவருக்கு உரியது, எந்தத் திகதியிட்ட பதிப்பு நடைமுறையில் உள்ளது என்பவற்றை முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.