சுவீடன் பெண்ணியத்தை ஏசுறதெண்டா ஒழுங்கா ஏசுறது எப்பிடி

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கம் எந்தக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பை எடுத்தாலும் இடைக்கிடை சுவீடனைப் பற்றி ஒரு ஃபோர்வேட் வரும், பெண்ணியம் கூடி நாடே நாசமாப் போச்சு, ஆம்பிளையள் வாய் திறக்கேலாது, நாளைக்கு எங்களுக்கும் இதுதான் எண்டு. அதுக்குக் கீழ கம்பஸ் முடிச்ச தங்கச்சி ஒண்டு வந்து சுவீடன் சொர்க்கம் மாமா, உங்கட ஆணாதிக்கம்தான் பிரச்சினை எண்டு எழுதும். பிறகு ரெண்டு நாளைக்கு சண்டை. ஏசக்கூடாது எண்டு நான் சொல்லேல்லை, அங்கத்தைய பெண்ணியத்திலயும் அடையாள அரசியல்லயும் (ஆணா பெண்ணா, என்ன இனம் எண்டதை வச்சுச் செய்யிற அரசியல்) ஏசுறதுக்கு நிறைய விஷயம் இருக்கு. ஆனா ஃபோர்வேட்ல வாறது முக்கால்வாசி குப்பை, கனமான கேள்வியளைக் கேட்டது அங்க இருக்கிற பொம்பிளையள்தான். அதை எப்பிடிப் பிரிச்சு எடுக்கிறது எண்டுதான் இது.

முதல்ல நாடு எது எண்டு பாருங்கோ. சிரிக்காதேங்கோ, எங்கட ஆக்களில பாதிப்பேர் சுவிஸையும் சுவீடனையும் குழப்புறது வழக்கம், சித்தப்பா சுவிஸில இருக்கிறார் அவர் சொன்னவர் எண்டு தொடங்குவினம். சுவிஸில பொம்பிளையளுக்கு நாடளாவிய தேர்தல்ல வோட்டு கிடைச்சது 1971ல. சுவீடன்ல பொம்பிளையள் முதல் வோட்டுப் போட்டது 1921ல. இலங்கையில 1931, சுவிஸுக்கு 40 வருஷம் முந்தி. உலகத்தின்ர முதல் பெண் பிரதமர் சிறிமாவோ, 1960ல, சுவீடனுக்கு ஒரு பெண் பிரதமர் வர 2021 ஆச்சு.

அடுத்தது திகதி. இப்பவும் சுவீடன்ர பெண்ணிய அரசாங்கம் எண்டு எழுதுறவர் பழைய பேப்பர் வாசிக்கிறார் எண்டு அர்த்தம். பெண்ணிய வெளிநாட்டுக் கொள்கை எண்டு ஒண்டை 2014ல தொடக்கினது அப்ப வெளிநாட்டமைச்சரா இருந்த மார்கொட் வால்ஸ்ட்ரோம், 2022 ஒக்டோபர்ல புது அரசாங்கம் வந்த கையோட அந்தப் பேரையே தூக்கிப் போட்டது. அந்த எட்டு வருஷத்தை விமர்சிக்கிறதெண்டா தாராளமா செய்யுங்கோ, நல்ல உதாரணம் 2017 பெப்ரவரி. உலகத்தின்ர முதல் பெண்ணிய அரசாங்கம் நாங்கள்தான் எண்டு சொல்லிக்கொண்ட ஆக்கள், வர்த்தக அமைச்சர் ஆன் லிண்டேயின்ர தலைமையில ஈரான்ர தெஹ்ரானுக்குப் போய், பொம்பிளையள் முக்காடு போட்டுக்கொண்டு ஜனாதிபதிக்கு முன்னால வரிசையா நடந்தவை. சட்டம் அப்பிடி, வேற வழி இல்லை எண்டினம். அந்தச் சட்டத்துக்கு எதிரா போராடின மாசி அலினெஜாத் மாதிரி ஈரானியப் பெண்கள்தான் அதைக் கடுமையா கேட்டவை, நியாயமான கேள்வி. ஆனா அதே கொள்கைக்காரர்தான் 2015ல சவூதியில ஒருத்தருக்குக் கசையடி குடுத்ததைப் பகிரங்கமா கண்டிச்சு, சவூதியோட இருந்த ராணுவ ஒப்பந்தத்தையும் புதுப்பிக்காம விட்டவை, அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் கேக்கிறவன் உங்களை நம்புவான்.

பாலியல் வன்முறைக் கணக்கை யாரும் தூக்கிக்கொண்டு வந்தா எண்ணுற முறை என்னெண்டு கேளுங்கோ. சுவீடன்ல ஒரு மனுசி போய், என்ர புருஷன் ஒரு வருஷமா திரும்பத் திரும்ப இப்பிடிச் செய்தவன் எண்டு முறைப்பாடு குடுத்தா ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியா பதிவினம். கனக்க நாடுகளில அது ஒரே ஒரு கேஸ். அதோட 2018 ஜூலையில இருந்து சம்மதம் இல்லையெண்டாலே குற்றம், பலாத்காரம் செய்ததெண்டு காட்டத் தேவையில்லை. சட்டம் அகலமானா எண்ணிக்கை ஏறும்தானே, அதை வச்சு அடுத்த நாட்டோட ஒப்பிட ஏலாது. இதுக்கு நேர்மாறா, சுவீடன்ல எல்லாம் சரி எண்டு சொல்ற தங்கச்சிக்கும் ஒண்டு இருக்கு: 2014ல வந்த ஐரோப்பிய ஒன்றியக் கணக்கெடுப்பில, 15 வயசுக்குப் பிறகு உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சதா சொன்ன பொம்பிளையள் ஒன்றியம் முழுக்க 33 வீதம், சுவீடன்ல 46. அங்க வெளிய சொல்ற துணிவு கூட எண்டு சிலர் விளக்கினம், அது முழு விளக்கமோ எண்டு ஆராய்ச்சிக்காரர் இன்னும் அடிபடுகினம்.

இனி பகிடியா வாற கதையள். இதில ராஜா, பெண்ணிய ஸ்னோ வழிக்கிறது. ஸ்டொக்ஹோம் நகரசபை, முதல்ல பெரிய றோட்டை இல்லை, நடைபாதை, சைக்கிள் பாதை, பஸ் ஹோல்ட் எல்லாத்தையும் துப்புரவாக்குவம் எண்டு ஒழுங்கை மாத்தினது, ஏனெண்டா கார் ஓடுறது கூட ஆம்பிளையள், நடந்தும் பஸ்ஸிலயும் போறது கூடப் பொம்பிளையள், பனியில வழுக்கி விழுந்து கை கால் முறியிறதும் நடந்து போற சனம்தான். 2016 நவம்பர்ல ஒரே அடியா பனி கொட்டி நகரம் ஸ்தம்பிச்சுப் போச்சு, உடன உலகம் முழுக்கப் பெண்ணியத்தால வந்த வினை எண்டு சிரிச்சவை. ஆனா 1905ல இருந்து நவம்பர் மாசத்தில அவ்வளவு பனி அங்க விழுந்ததே இல்லை. அப்ப கேக்க வேண்டிய கேள்வி பெண்ணியமா எண்டதில்லை, நடைபாதை வழிக்க ஏத்த மெஷினும் ஆளும் போதுமான அளவு இருந்ததா எண்டது. காலி வீதியில வெள்ளம் நிக்கேக்க பஸ் ஹோல்ட்ல சாரியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற டீச்சரை யோசிச்சுப் பாருங்கோ, அந்தத் திட்டம் அவ்வளவு விசர்த்தனமாத் தெரியாது.

சரி, இப்ப உண்மையான கனம் எங்க இருக்கு. ஃபாதிமே ஷாஹிந்தால் எண்ட பேரைத் தேடி வாசியுங்கோ. துருக்கியில இருந்து போன குர்திஷ் குடும்பத்துப் பிள்ளை, சுவீடன் பெடியன் ஒருத்தனை விரும்பினது, வீட்டில பாத்த கல்யாணத்துக்கு மாட்டன் எண்டது. அப்பாவும் தம்பியும் மிரட்டினதுக்கு கோர்ட்டில தண்டனை கிடைச்சது. 2001 நவம்பர்ல பாராளுமன்றத்தில நடந்த ஒரு கூட்டத்தில ஏறி நிண்டு தன்ர கதையைச் சொன்னது. என்ர தாய் தகப்பனையும் இந்த நாட்டோட சேர்க்கிறதுக்கு நீங்கள் உதவியிருந்தா இவ்வளவும் தவிர்ந்திருக்கலாம் எண்ட மாதிரித்தான் பேச்சு. ரெண்டு மாசத்தில, 2002 ஜனவரியில, தாயையும் சகோதரங்களையும் ரகசியமா பாக்கப் போன இடத்தில அப்பா சுட்டுக் கொலை செய்துபோட்டார்.

அதே மாசம் இடதுசாரிக் கட்சித் தலைவி குட்ரூன் ஷீமான் மாநாட்டில பேசினவ, தாலிபான்ர ஆப்கானிஸ்தான்லயும் சரி சுவீடன்லயும் சரி பொம்பிளையளை அடக்கி வச்சிருக்கிறது ஒரே கட்டமைப்புத்தான் எண்டு. பிறகு வந்த விவாதம் முழுக்க இதைச் சுத்தித்தான்: ஆணாதிக்கம் எங்கயும் ஒண்டு, கலாசாரத்தைப் பேர் சொல்லிச் சொன்னா இனவாதம் எண்டு ஒரு பக்கம், பேர் சொல்லாட்டி இந்தப் பிள்ளையளை ஆர் காப்பாத்துறது எண்டு மறுபக்கம். என்னைக் கேட்டா ரெண்டாவது பக்கம்தான் சரி, குடும்ப மானம் எண்ட பேரில அடக்கி ஒடுக்குறதைத் தனிக் குற்றமா சட்டத்தில கொண்டு வர அங்க 2022 வரைக்கும் ஆச்சு. சாதி மாறிக் காதலிச்ச பிள்ளையின்ர வீட்டில என்ன நடக்கும் எண்டு தெரிஞ்ச எங்கட ஆக்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிநாட்டுக்காரர் எல்லாரையும் துரத்தோணும் எண்டு முடிக்கிறவரையும் கவனியுங்கோ, அவருக்கு ஃபாதிமேயில அக்கறை இல்லை.

வர்க்கக் கேள்வி இன்னொண்டு. 2007ல இருந்து சுவீடன்ல வீடு துடைக்க ஆள் பிடிச்சா கூலியில பாதியை வரியில கழிக்கலாம். கள்ளமா நடந்த வேலை சட்டப்படி ஆகுது எண்டு ஆதரிச்சவை சொன்னவை. வேலைக்காரியை மலிவாக்கி வசதியான பொம்பிளையை ஒஃபிசுக்கு அனுப்புறதுதானா சமத்துவம் எண்டு இடதுசாரிப் பெண்ணியவாதியள் கேட்டவை, துடைக்கிறது கனக்க வெளிநாட்டில இருந்து வந்த பொம்பிளையள். பம்பலப்பிட்டி அபார்ட்மெண்டில இருந்து பெண்ணியம் கதைக்கிறவை, குசினியில பாத்திரம் கழுவுற மலையகப் பிள்ளைக்கு சம்பளம் எவ்வளவு, ஈபிஎஃப் கட்டுறதா எண்டு அதோட சேர்த்து யோசிக்கலாம்.

பொம்பிளையளுக்கு இட ஒதுக்கீடு, கோட்டா எண்டு ஆரும் சத்தம் போட்டா கெதியா முடிச்சுவிடலாம்: கம்பெனி போர்டில 40 வீதம் எண்ட சட்டம் நோர்வேயின்ர, சுவீடன் அதைக் கொண்டு வரப் பாத்து 2017ல கைவிட்டது, பாராளுமன்றத்துக்கும் சட்டக் கோட்டா இல்லை, கட்சியள் தாங்களா வச்சதுதான். உள்ளூராட்சியில சட்டப்படி 25 வீதம் வச்சிருக்கிறது நாங்கள்.

எழுத முதல் பாக்கிற இடங்களையும் சொல்லிவிடுறன். குற்றக் கணக்குக்கு பிரோ (Brå), சம்பளம் வேலை மற்ற ஆண் பெண் கணக்குகளுக்கு எஸ்சிபி (SCB), ரெண்டும் அரச நிறுவனம், ரெண்டிலயும் இங்கிலிஷ் பக்கம் இருக்கு. சுவீடிஷ் பேப்பரை கூகுள்ல இங்கிலிஷுக்கு மாத்தி வாசியுங்கோ, நேரா தமிழுக்கு மாத்தினா சில இடத்தில தலைகீழா வரும். அங்க சொந்தக்காரர் இருந்தா நாடு எப்பிடி எண்டு கேக்காதேங்கோ, பிள்ளை பிறக்கேக்க உங்களுக்குக் கிடைச்ச 480 நாள் லீவில அத்தான் எத்தினை நாள் எடுத்தவர் எண்டு கேளுங்கோ. ஆளுக்கு 90 நாள் மற்றவருக்கு மாத்தேலாது, மிச்சத்தை மனுசிக்கு எழுதிக் குடுக்கலாம், கனபேர் குடுக்கினம், ஏன் குடுத்தவர் எண்டு அத்தானே சொல்லட்டும்.