ஒரே சிக்கிள் செல், வேறு வேறு உடம்பு: ரிப்போர்ட்டில் எஃப் அளவைப் படிப்பது எப்படி

கூடலூர், பந்தலூர், அந்தப் பக்கம் வயநாடு என்று இந்த மலை நெடுகச் சிக்கிள் செல் நோய் (ஹீமோகுளோபின் மரபணுவில் உள்ள பிழையால் சிவப்பணு அரிவாள்போல் வளையும் ரத்த நோய்) உண்டு. லெஹ்மன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்ததே 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். ஒரு வீட்டில் அக்கா எலும்புவலியில் துடிப்பாள். அதே பிழை உள்ள தம்பிக்கு வலி எப்போதாவதுதான் வரும். இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹீமோகுளோபின் எஃப், அதாவது கருவில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். பெரியவர்களுக்கு இயல்பாக இருப்பது ஏ, சிக்கிள் பிழையால் வருவது எஸ்.

கருவில் எஃபைத் தருவது காமா மரபணு. பிறந்தபின் அதை அடக்குவது பிசிஎல்11ஏ என்னும் புரதம். சிலருக்குப் பிசிஎல்11ஏ மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் சிறு மாற்றம் இருக்கும். சிவப்பணுவில் அந்தப் புரதம் குறையும், காமா முழுதாக அடங்காது. வேறு சிலருக்குக் காமா மரபணுவுக்கு 158 டிஎன்ஏ எழுத்து முன்னால் சி இருக்க வேண்டிய இடத்தில் டி. இந்தியாவில் சிக்கிள் உள்ளவர்களிடம் இது பரவலாகக் காணப்படுகிறது. எஃப் கலந்த அணுவில் எஸ் எளிதில் கோத்துக்கொள்ளாது, அணு வளைவதும் குறையும்.

ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி பரிசோதனைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள். 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் அணுக்கள் உடைந்துவிடும். ஐஸ் கட்டி குழாயைத் தொடக் கூடாது.

தவறு பெரும்பாலும் நேர்வது குழாயில் இல்லை, படிவத்தில்தான். வயது, கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, ஹைட்ராக்ஸியூரியா (சிக்கிள் நோய்க்கான மருந்து) சாப்பிடுகிறார்களா, கர்ப்பமா என்ற நான்கையும் எழுதாவிட்டால் எஃப் எண்ணுக்குப் பொருளே இல்லை. கைக்குழந்தைக்கு எஃப் இயல்பாகவே மிக அதிகம். அதனால்தான் ஆறு மாதத்துக்குள் செய்யும் கரைதிறன் சோதனை (எஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய ரத்தச் சோதனை) சிக்கிளைத் தவறவிடும். சிக்கிள் உள்ள பிள்ளைகளுக்கு எஃப் இறங்கச் சில வருடம் பிடிக்கும். மூன்று வயதுத் தம்பியைப் பத்து வயது அக்காவோடு ஒப்பிடாதீர்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்தே எடுங்கள். ஹைட்ராக்ஸியூரியா எஃபைக் கூட்டும் என்பதால், மருந்து தொடங்குமுன் எடுத்த எஃப் அளவு ஒன்று கட்டாயம் வேண்டும்.

ரிப்போர்ட்டில் முதலில் ஏ-யைப் பாருங்கள். ஏ அதிகம், எஸ் 40% அளவில் என்றால் அவர் கேரியர், அதாவது நோயில்லாமல் பிழையை மட்டும் சுமப்பவர். ஏ அறவே இல்லாமல் எஸ்ஸும் எஃபும் மட்டும் மேலோங்கியிருந்தால் நோய். ஏ2 (பெரியவர்களுக்குச் சிறிதளவு இருக்கும் இன்னொரு ஹீமோகுளோபின்) கூடி, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) குறைந்திருந்தால் பீட்டா தலசீமியாவும் (ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் மரபுக் குறைபாடு) சேர்ந்திருக்கலாம், பெற்றோரையும் பரிசோதியுங்கள்.

எஃப் 20% என்றாலும் அது எல்லா அணுக்களிலும் சமமாகப் பரவியிருக்காது. அதனால் காய்ச்சலோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் எஃப் எண்ணைப் பார்த்துத் தயங்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.