‘பாம்புக்குக் கால் வரைதல்’: ஒரு சீன மரபுத்தொடரைப் பொருளறிந்து கையாளும் முறை

செங்யூ எனப்படும் சீன மரபுத்தொடர்கள் பெரும்பாலும் நான்கே எழுத்துகளில் அடங்கிவிடுகின்றன. அவற்றை அகராதிப் பொருளோடு மனப்பாடம் செய்வதைவிட, மூலக்கதையை யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று தேடிப் படிப்பதே நல்ல வழி. ‘ஹுவா ஷே தியென் ட்ஸூ’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம்.

முதலில் எழுத்தெழுத்தாகப் பொருள் காணுங்கள். ஹுவா என்பது வரைதல், ஷே பாம்பு, தியென் கூட்டுதல், ட்ஸூ கால். ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்ற நம் பழமொழி இங்கே நினைவுக்கு வரலாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.

அடுத்து, கதைக்குச் செல்லுங்கள். மேற்கு ஹான் அரசமரபுக் காலத்து அறிஞர் லியூ ஷியாங் தொகுத்த ‘சான்குவோ த்ஸ’ நூலில் அது இருக்கிறது. பண்டைச் சீனாவில் இருந்த நாடுகளுள் ஒன்றான சூ நாட்டில் வழிபாடு நடத்திய ஒருவர், தம் ஆட்களுக்கு ஒரு கிண்ணம் மது கொடுத்தார். பலருக்குப் போதாது, ஒருவருக்கு மிகும் என்பதால், தரையில் பாம்பை முதலில் வரைந்து முடிப்பவரே குடிக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தனர். முதலில் முடித்தவன் இடக்கையில் கிண்ணத்தை ஏந்தி, “என்னால் இதற்குக் காலும் வரைய முடியும்” என்று வலக்கையால் வரையத் தொடங்கினான். கால்கள் முடிவதற்குள் இன்னொருவன் தன் பாம்பை முடித்துவிட்டு, “பாம்புக்கு ஏது கால்?” என்று கிண்ணத்தைப் பறித்துக் குடித்துவிட்டான்.

இதோடு நின்றுவிட வேண்டாம்; கதை சொல்லப்பட்ட சூழலில்தான் பொருளின் கூர்மை இருக்கிறது. கி.மு. 323இல் வெய் நாட்டுப் படையை முறியடித்து எட்டு நகரங்களைக் கைப்பற்றிய சூ தளபதி சாவ் யாங், அடுத்து சி நாட்டின்மீது படையெடுக்கத் திரும்பினார். சி நாட்டுக்காகத் தூது வந்த சென் சென், வெற்றிக்கு உரிய உயர்பதவி ஏற்கெனவே கிடைத்துவிட்ட நிலையில், இனி வென்றாலும் ஏற்றமில்லை, தோற்றால் உயிரும் பதவியும் போகும் என்பதை விளக்கவே இக்கதையைச் சொன்னார். சாவ் யாங் படையோடு திரும்பிச் சென்றார்.

ஆகவே, வெறும் மிகையைக் குறிக்க இத்தொடரைப் பயன்படுத்தாதீர்கள். அரைகுறையான வேலைக்கும் இது பொருந்தாது. முழுமையடைந்த ஒன்றில் தேவையற்றதைச் சேர்த்துக் கெடுக்கும்போதுதான் பொருந்தும்: நான்கு வரியில் நிறைவாக முடிந்த கவிதைக்கு அடியில் விளக்கவுரையாக ஐந்தாம் வரி எழுதினால், அந்த ஐந்தாம் வரியே பாம்பின் கால்.