அக்கா சொல்லாமலே பல் தேய்க்க

என் தம்பிக்கு 22 வயது. ஆட்டிசமும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும் உண்டு. தினமும் காலையில் குளியலறை வாசலில் நின்று, "பிரஷ்ஷை எடு, நனை, பேஸ்ட் வை" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். நான் வாயை மூடினால் அவன் கையும் நின்றுவிடும். அக்கா குரல் கேட்பதும் பல் தேய்ப்பதில் ஒரு படி என்றே அவன் மனதில் பதிந்துவிட்டது. அதை மாற்றத்தான் போனைக் கையில் எடுத்தேன்: ஒவ்வொரு படியையும் சின்ன வீடியோத் துண்டாக எடுத்து, என் குரலுக்குப் பதில் அதைப் பார்த்து அவனே செய்யட்டும் என்று. வீடியோ எடுக்கிற எந்தப் போனும் போதும்.

எடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை நிதானமாகப் பல் தேய்த்துவிட்டு, செய்ததை எல்லாம் எழுதுங்கள். ஆறு படி வரும் என்று நினைத்தேன், 17 வந்தது. பேஸ்ட் மூடியைத் திருகுவது ஒரு படி, கழற்றிய மூடியைக் கீழே வைப்பது இன்னொன்று. தம்பி திணறியதே அங்கேதான். ஒரு கையில் மூடி, ஒரு கையில் பேஸ்ட், பிரஷ்ஷை எதால் பிடிப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறான். இத்தனை நாள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன்.

முதல் வீடியோவை எதிரே நின்று எடுத்தோம். அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான், கையைப் பார்க்கவே இல்லை. இடமும் வலமும் வேறு மாறித் தெரிந்தன. அடுத்த முறை தோளுக்கு மேலிருந்து, அவன் குனிந்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் எடுத்தோம்: இரண்டு கை, அவனுடைய பிரஷ், அவன் திறக்கிற அதே குழாய். வாய்க்குள் தேய்ப்பதை மட்டும் கண்ணாடி வழியாக எடுத்தோம்; அவனும் கண்ணாடியில்தானே பார்க்கப்போகிறான். பின்னணிச் சத்தத்தைக் கவனியுங்கள். எங்கள் நான்காவது துண்டில் வாசல் மணி அடித்தது பதிவாகிவிட்டது. நான்காவது படி வந்தால் பிரஷ்ஷோடு வாசலுக்கு ஓடுவான். திரும்ப எடுத்தோம்.

17 படியையும் ஒரே வீடியோவாக்கினால் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். படிக்கு ஒரு துண்டு, ஐந்து முதல் பத்து விநாடி. ஒன்று ஓடி நிற்கும், அதைச் செய்வான், அடுத்ததைத் தொடுவான். கேலரியில் வரிசையாக ஒரு ஆல்பம் போட்டால் போதும். "மூடியைத் திற" என்று இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதீர்கள். விரல் தவறி வேறு செயலிக்குப் போகாமல் இருக்க, ஐபோனில் அணுகல் வசதிகளில் 'கைடட் ஆக்சஸ்' இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்'. போனைக் கண் மட்டத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள்.

கற்றுக்கொடுப்பதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கினேன். 16 படிக்கு நான் உதவி, பிரஷ்ஷைக் கழுவிக் குவளையில் போடுவது மட்டும் அவன் தானாக. முடித்தது தன் கைதான் என்று தெரிந்தபோது அவனுக்கு வந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே! அது நிலைத்த பிறகு கடைசி இரண்டு படி, பிறகு மூன்று.

அவன் நின்றுவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதும் அசையவில்லையா, திரையைக் காட்டுங்கள், குழாயைக் காட்டாதீர்கள். குழாயைக் காட்டினால் மறுபடியும் நீங்கள்தான் வழிகாட்டி.

குளியல், கழிப்பறை போன்றவற்றுக்குக் கற்றுக்கொள்பவரையே வைத்து எடுக்காதீர்கள். உடையோடு ஒருவர் நடித்துக் காட்டலாம், படம் வரையலாம். எந்த வீடியோவும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது. மாமா ஒருவர் கேட்டார். தரவில்லை, கொஞ்சம் கோபம்தான். எடுக்கும் முன் தம்பியிடமும் கேட்டேன். அவன் தலையசைத்த பிறகே எடுத்தேன்.

போனும் ஒரு ஊன்றுகோல்தான், விட்டால் ஒட்டிக்கொள்ளும். அவன் தடுமாறாமல் செய்யத் தொடங்கியதும் முதலில் குரலை நிறுத்தினேன். பிறகு இரண்டிரண்டு துண்டுகளை ஒன்றாக்கினேன். அப்புறம் வீடியோவுக்குப் பதில் அதே காட்சிகளின் புகைப்படங்களைக் கண்ணாடியில் ஒட்டி, தேவைப்படாத படங்களை ஒவ்வொன்றாக உரித்தேன். எந்தப் படத்தை எடுத்ததும் தடுமாறுகிறானோ அதை மறுநாளே திரும்ப ஒட்டிவிடுவேன்.

இப்போது கண்ணாடியில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்: பிரஷ்ஷின் மேல் பட்டாணி அளவு பேஸ்ட். அதை உரித்த அன்று பாதி ட்யூபைப் பிதுக்கிவிட்டான். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.