பிமினிக்குக் கிளம்பும் முன் வடக்குக் காற்றைப் பாருங்கள்

மியாமிக்குப் பக்கத்தில் கீ பிஸ்கேன் தீவின் தென்முனையில் 'நோ நேம் ஹார்பர்' என்று ஒரு சின்னத் துறை இருக்கிறது. பெயரே இல்லாத துறை என்பதுதான் அதன் பெயர்! பஹாமாஸின் பிமினித் தீவுகளுக்குப் போகும் பாய்மரப் படகுகள் பல காலமாக இங்கே நங்கூரமிட்டுக் காத்திருந்து கிளம்பியிருக்கின்றன. தூரம் சுமார் 45 கடல் மைல்தான். ஆனால் நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி சராசரியாக மணிக்கு சுமார் 2.5 கடல் மைல் வேகத்தில் ஓடுகிறது. வடக்கிலிருந்து காற்று எதிர்த்து வீசினால் அலை சுவர் மாதிரி செங்குத்தாக எழும். முன்னறிவிப்பில் வடக்கு, வடகிழக்கு என்று பார்த்தால் பேசாமல் இன்னொரு நாள் தங்கிவிடுங்கள்.

சரி, காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீச ஆரம்பித்துவிட்டதா? பிமினிக்கு நேராகப் படகின் முனையைத் திருப்பாமல், நன்றாகத் தெற்கே சாய்த்து வையுங்கள். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போகும் படகை நீரோட்டம் 20 கடல் மைல் வரை வடக்கே தள்ளிவிடும். நள்ளிரவு தாண்டிக் கிளம்புவது நல்லது. வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தால்தான் மணல்திட்டுகளின் வெளிர்நிறம் தெரியும்.

அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டை நங்கூரத்தில் இருக்கும்போதே சமைத்துவிடுங்கள். ஆடும் படகில் வெங்காயம் நறுக்குவதெல்லாம் வேண்டாத வேலை.