வெளிநாட்டவர் குற்றக் கணக்கைச் செய்தியில் படிக்கும் முறை: ஜப்பானின் எண்களை முன்வைத்து

ஜப்பானில் வெளிநாட்டவர் குற்றம் பற்றிய புள்ளிவிவரச் செய்தி பெரும்பாலும் ஒரே வழியில்தான் பிறக்கிறது. தேசியக் காவல் முகமை ஓர் அறிக்கையை வெளியிடுகிறது. அரசு அலுவலகத்தோடு ஒட்டி இயங்கும் செய்தியாளர் மன்றத்தில் இடம்பெற்ற நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதை ஏறத்தாழ அறிக்கையின் சொற்களிலேயே செய்தியாக்குகின்றன. பிறகு அதிலிருந்து ஒரே ஒரு சதவீதம் மட்டும் பிய்த்தெடுக்கப்பட்டு மூலமின்றிச் சுற்றத் தொடங்குகிறது. முகமையின் எண்களைப் பொய் என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. அவை கவனமாகத் தொகுக்கப்படுபவை, அடிக்குறிப்புகளில் வரையறைகளும் இருக்கின்றன. எண் யாரை எண்ணியதோ அவர்களும், செய்தி யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர்களும் ஒரே கூட்டத்தினர் அல்லர் என்பதுதான் சிக்கல். இத்தகைய செய்தியைப் படிப்பவர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி, அந்த இரு கூட்டங்களையும் பிரித்தறிவதில் அடங்கிவிடுகிறது.

எண்ணப்பட்டவர்கள் யார்?

முகமையின் அறிக்கைகளில் மையமாக இருப்பது ‘ரைநிச்சி கைகோகுஜின்’ என்ற வகை. ஜப்பானில் உள்ள வெளிநாட்டவர்களில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அவர்களின் வாழ்க்கைத்துணைவர் முதலானோர், அமெரிக்கப் படையைச் சார்ந்தவர்கள், வசிப்புத் தகுதி தெரியவராதவர்கள் ஆகியோரை நீக்கிய பின் எஞ்சுபவர்களே இவ்வகையினர். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வந்தவரும், கல்லூரி மாணவரும், தொழிற்பயிற்சியாளரும், விசாக் காலம் முடிந்த பின்னும் தங்கிவிட்டவரும் இதற்குள் வருகிறார்கள். போருக்கு முன்பே கொரியாவிலிருந்து வந்த குடும்பத்தின் வழித்தோன்றலாக ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த சிறப்பு நிரந்தரவாசி இதற்குள் வருவதில்லை. செய்தித் தலைப்போ அனைவரையும் ‘வெளிநாட்டவர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

நிரந்தரவாசிகளையும் சேர்த்த மொத்த வெளிநாட்டவர் எண் நீதி அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் குற்ற வெள்ளை அறிக்கையில் தனியே கிடைக்கிறது. இரண்டுமே சரியான எண்கள். ஆனால் ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது. ஒரு கட்டுரை பழைய ஆண்டுக்கு முதல் எண்ணையும் புதிய ஆண்டுக்கு இரண்டாவது எண்ணையும் எடுத்துக்கொண்டால், நடக்காத ஓர் உயர்வு அங்கே தோன்றிவிடும். ஆகவே செய்தியில் ‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லைக் கண்டதும், அது எந்த வகையைக் குறிக்கிறது என்ற வரி கட்டுரைக்குள் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை வேறு எந்த எண்ணோடும் ஒப்பிடாதீர்கள்.

விகிதத்தின் கீழே நிற்பவர்கள்

‘வெளிநாட்டவரின் குற்ற விகிதம்’ என்று ஒரு செய்தி பேசத் தொடங்கினால், பின்னத்தின் தொகுதியை (மேலே உள்ள எண்ணை) விசாரித்த அதே கண்டிப்புடன் பகுதியையும் (கீழே உள்ள எண்ணையும்) விசாரிக்க வேண்டும். என் கணிப்பில் மிகுதியான தவறுகள் நிகழும் இடம் இதுதான்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவர்களின் எண்ணிக்கை 37,68,977. இதில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நிரந்தரவாசிகளும், 2.7 லட்சத்தைத் தாண்டிய சிறப்பு நிரந்தரவாசிகளும் அடங்குவர். மூன்று மாதமோ அதற்குக் குறைவாகவோ தங்குபவர்களும், காலம் கடந்து தங்கியவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. இப்போது காவல் முகமையின் வகையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அதில் நிரந்தரவாசிகள் இல்லை, சுற்றுலாப் பயணிகளும் காலம் கடந்தவர்களும் உண்டு. அதாவது, தொகுதியில் இருப்பவர்களில் ஒரு பிரிவினர் பகுதியில் இல்லை; பகுதியில் இருப்பவர்களில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் தொகுதியில் இடம்பெறவே முடியாது. இந்த இரண்டையும் வகுத்துக் கிடைக்கும் விடைக்குப் பொருள் இல்லை.

கவனிக்க வேண்டியது, இந்தப் பிழை ஒரே திசையில் சாய்வதில்லை என்பது. சுற்றுலாப் பயணிகள் மேலே மட்டும் இருப்பதால் விகிதம் உயர்ந்து தெரியும். நிரந்தரவாசிகள் கீழே மட்டும் இருப்பதால் தாழ்ந்து தெரியும். வெளிநாட்டவரைக் குறைகூறும் கட்டுரையும், அவர்களுக்காக வாதாடும் கட்டுரையும் இதே தவறான வகுத்தலைச் செய்து, தமக்கு வேண்டிய முடிவை எடுத்துக்கொள்வதைக் காணலாம். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று கொள்ளவும் இடமில்லை.

பயணிகளின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2024இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 3.69 கோடி. ஒருவர் சராசரியாக 9 நாள் தங்குவதாக வைத்துக்கொண்டால், ஆண்டின் எந்த நாளை எடுத்தாலும் சுமார் 9 லட்சம் பயணிகள் நாட்டுக்குள் இருந்திருப்பார்கள். வசிப்போர் கணக்கில் சேராத, ஆனால் கடையில் திருடினால் குற்றக் கணக்கில் சேரக்கூடிய 9 லட்சம் பேரை ஒரு பின்னத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்துவிட்டு நுணுக்கமான தசமப் புள்ளிகளைப் பேசுவது வீண்.

வழக்குகளா, ஆட்களா?

அறிக்கையில் இரண்டு எண்கள் அருகருகே வரும். ஒன்று, காவல்துறை துப்புத் துலக்கி முடித்ததாகப் பதிவுசெய்த வழக்குகளின் எண்ணிக்கை. மற்றொன்று, அவ்வழக்குகளில் பிடிபட்டவர்களின் எண்ணிக்கை. வாகனத் திருட்டிலோ வீடு புகுந்து திருடுவதிலோ ஈடுபட்ட ஒரு சிறு கும்பல் பிடிபட்டு, முந்தைய ஆண்டுகளில் செய்த நூற்றுக்கணக்கான திருட்டுகளை ஒப்புக்கொண்டால், ஆட்களின் எண்ணிக்கை நாலைந்துதான் கூடும். வழக்குகளின் எண்ணிக்கையோ அந்த ஆண்டில் திடீரென்று எகிறும். குற்றங்கள் நடந்தது முன்பு, கணக்கில் ஏறியது இப்போது. தலைப்பு எந்த எண்ணை எடுத்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்த ஆண்டுகளில் பெரிய எண்ணே தலைப்பில் அமர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்விரு எண்களுமே நடந்த குற்றங்களை நேரடியாக அளப்பதில்லை. புகார் பதிவாகியும் ஆள் பிடிபடாத வழக்கில் குற்றவாளி எந்த நாட்டவர் என்பது எவருக்கும் தெரியாது. தண்டனைச் சட்டக் குற்றங்களில் துலக்கப்பட்டவற்றின் விகிதம் 2001இல் 19.8 சதவீதமாக விழுந்தது. 2024இல் 39 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆக, நாட்டினம் குறித்த ஒவ்வொரு வாக்கியமும் துலக்கப்பட்ட சிறுபான்மை வழக்குகளைப் பற்றியது மட்டுமே. காவல்துறை ஒரு பிரிவினர் மீது கூடுதல் கவனம் செலுத்தும் ஆண்டில் அப்பிரிவினரின் எண் உயர்வதும் இயல்பு. அந்த உயர்வில் எவ்வளவு குற்றம், எவ்வளவு கண்காணிப்பு என்பதை இந்த அட்டவணையைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது.

வெளிநாட்டவரால் மட்டுமே செய்யக்கூடிய குற்றங்கள்

ஜப்பானின் கணக்கில் தண்டனைச் சட்டக் குற்றங்கள் ஒரு பிரிவு, பிற தனித்தனிச் சட்டங்களை மீறும் தனிச்சட்டக் குற்றங்கள் மற்றொரு பிரிவு. குடியேற்றச் சட்ட மீறல் இரண்டாம் பிரிவில் வருகிறது. விசாக் காலம் கடந்து தங்குவது ஜப்பானியக் குடிமகனால் செய்யவே இயலாத குற்றம். வசிப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வெளியே செல்வதும் அப்படியே. அதற்கு 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. இவற்றையும் கொலை, கொள்ளை, திருட்டு ஆகியவற்றையும் கூட்டி ‘மொத்தக் குற்றம்’ என்று சொல்லிவிட்டு, அதைக் குடிமக்களின் மொத்தத்தோடு ஒப்பிடும் கட்டுரை தொடக்கத்திலேயே தவறிவிடுகிறது.

2020 அக்டோபரில் குன்மா மாகாணத்தின் ஓத்தா நகரில் ஒரு வீட்டில் இருந்த வியட்நாமியர்கள் கைது செய்யப்பட்டபோது, டோக்கியோவுக்கு வடக்கே உள்ள வட கான்தோ வட்டாரத்தில் நடந்துவந்த பன்றித் திருட்டுகளோடு இணைத்தே செய்திகள் வெளிவந்தன. ஆனால் முதல் கைதுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது குடியேற்றச் சட்ட மீறல் குறித்த சந்தேகம். வாசகர் மனத்தில் திருட்டாகப் பதிந்தது, கணக்கில் வேறொரு கட்டத்தில் ஏறியது.

இந்தப் பிரிப்பு எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தரும் என்பதற்கு ஜெர்மனியின் எண் உதவும். அங்கே 2023இல் சந்தேக நபர்களில் ஜெர்மன் குடியுரிமை இல்லாதவர்களின் பங்கு 41.1 சதவீதம், குடியேற்றச் சட்ட மீறல்களை நீக்கினால் 34.4 சதவீதம். ஜெர்மன் காவல்துறை இரண்டையும் சேர்த்தே வெளியிடுகிறது. எந்த நாட்டுச் செய்தியானாலும் இரண்டாவது எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள்?

‘ரைநிச்சி’ வகையினர் தொடர்பாகத் துலக்கப்பட்ட வழக்குகள் 2005இல் 47,865 என்ற உச்சத்தைத் தொட்டன. பிடிபட்டவர்களின் எண்ணிக்கைக்கு உச்சம் அதற்கு முந்தைய ஆண்டு, 21,842. அந்த 2005இன் இறுதியில் பதிவுபெற்ற வெளிநாட்டவர்கள் சுமார் 20 லட்சம். அவ்வாண்டு வந்த பயணிகள் 70 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024இல் வசிப்போர் ஏறத்தாழ இரட்டிப்பாகவும் பயணிகள் ஐந்து மடங்குக்கு மேலாகவும் பெருகியிருந்தனர். வழக்குகளோ உச்ச ஆண்டின் பாதிக்கும் கீழே இருந்தன. நீண்ட கோட்டை வரைந்தால் கிடைக்கும் சித்திரம் இது.

குறுகிய கோட்டை வரைந்தால் வேறு சித்திரம் கிடைக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டிருந்ததால் 2021இல் வந்த பயணிகள் 2.5 லட்சத்தைத் தாண்டவில்லை; 2023இல் 2.5 கோடியைத் தாண்டினர். நாட்டின் மொத்தத் தண்டனைச் சட்டக் குற்றங்களே 2021இல் 5,68,104 என்ற போருக்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்கு இறங்கி, 2023இல் 7,03,351 ஆக ஏறின. அந்தப் பள்ளத்திலிருந்து அளக்கும் எவருக்கும் எல்லாமே உயரமாகத்தான் தெரியும். ‘முந்தைய ஆண்டைவிட இத்தனை சதவீதம் உயர்வு’ என்ற வரியைக் கண்டால், குறைந்தது பதினைந்து ஆண்டு எண்களைப் பார்க்காமல் அதற்குப் பொருள் சொல்லாதீர்கள். அதே வேளையில், அண்மை ஆண்டுகளின் உயர்வு கற்பனையல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2005ஐக் காட்டி அதை மறைப்பதும் அதே தந்திரத்தின் மறுபக்கமே.

வயதை ஒதுக்கிவிட்டு ஒப்பிட முடியாது

தண்டனைச் சட்டக் குற்றங்களுக்காகப் பிடிபட்டவர்களில் மொத்த வெளிநாட்டவரின் பங்கு அண்மை ஆண்டுகளில் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மக்கள்தொகையில் வசிக்கும் வெளிநாட்டவரின் பங்கு 2024 இறுதியில் சுமார் 3 சதவீதம். இந்த இடைவெளியை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயணிகளும் காலம் கடந்தவர்களும் மேல் எண்ணில் மட்டும் இருப்பதை முன்பே பார்த்தோம். அடுத்தது வயது. ஜப்பானிய மக்களில் 65 வயதைக் கடந்தவர்கள் சுமார் 29 சதவீதம். வெளிநாட்டவர்களோ இருபதுகளிலும் முப்பதுகளிலும் திரண்டிருக்கிறார்கள். பிடிபடும் விகிதம் எந்தச் சமூகத்திலும் இளையோரிடம் கூடுதலாகவே இருக்கும். ஜப்பானில் பிடிபடுவோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் முதியவர் என்பது உண்மைதான். அவர்களில் பெரும்பாலோர் கடைத் திருட்டில் சிக்குபவர்கள். ஆனாலும் அந்தந்த வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இருபதுகளில் இருப்பவர்களே முதியவர்களைவிட மேலே நிற்கிறார்கள். ஒரே வயது, ஒரே பாலினத்தாரை ஒப்பிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். நாடு வாரியான தரவரிசைக்கும் இதே கேள்வி பொருந்தும். பெரும்பாலும் அது எந்த நாட்டு இளைஞர்கள் அதிகம் வந்திருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

பிடிபட்டவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர்

காவல்துறையின் எண் வழக்குத்தொடுநரின் மேசையை அடைவதற்கு முந்தைய எண். ஜப்பானில் தண்டனைச் சட்டக் குற்றங்களில் உண்மையில் வழக்குத் தொடுக்கப்படும் விகிதம் அண்மை ஆண்டுகளில் 40 சதவீதத்தை எட்டவில்லை. கைதுக்குக் கிடைக்கும் இடம் வழக்குக் கைவிடப்பட்டதற்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. ‘குற்றம் செய்த வெளிநாட்டவர் இத்தனை பேர்’ என்ற சொற்றொடரை ‘பிடிபட்டவர் இத்தனை பேர்’ என்று மனத்துக்குள் திருத்திக்கொண்டு படிப்பது நல்ல பழக்கம். ‘வெளிநாட்டவர் போன்ற தோற்றமுடைய ஆண்’ என்று ஆளைத் தேடும் செய்திகளில் வருவதோ சாட்சியின் ஊகம். அது நாட்டினமும் அன்று, புள்ளிவிவரமும் அன்று.

நீங்களே எழுதுவதாக இருந்தால்

இந்த எண்களைத் தமிழில் செய்தியாகவோ குறிப்பாகவோ எழுதுபவர், எண்ணோடு வகையையும், வழக்கா ஆளா என்பதையும், தனிச்சட்டக் குற்றங்கள் சேர்ந்தனவா என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த பத்திக்கு ஒத்திவைத்தால் பகிரப்படும்போது அது உதிர்ந்துவிடும். வாக்கியம் நீளமாகிறதே என்று தயங்க வேண்டாம். தனி நிகழ்வில் நாட்டினத்தைக் குறிப்பிடுவதா என்பது வேறு கேள்வி. ஜெர்மன் பத்திரிகை மன்றம் 2017இல் திருத்திய நெறியில், நியாயமான பொதுநலன் இருந்தால் மட்டுமே சந்தேக நபர் சார்ந்த குழுவைக் குறிப்பிடலாம் என்கிறது. முடிவெடுக்க அது பயனுள்ள உரைகல். ஆனால் அதே அளவுகோலை உள்நாட்டவர் வழக்குக்கும் வெளிநாட்டவர் வழக்குக்கும் பொருத்தினோமா என்று பழைய செய்திகளைப் புரட்டிப் பார்த்தால்தான் அதன் பயன் தெரியும்.

மூல அட்டவணையை அடைவது கடினமன்று. காவல் முகமையும் நீதி அமைச்சகமும் தம் அறிக்கைகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. வெள்ளை அறிக்கைக்கு ஆங்கிலப் பதிப்பும் உண்டு. செய்தியில் உள்ள எண்ணை அந்த அட்டவணையில் கண்டுபிடித்து, அதன் கீழுள்ள அடிக்குறிப்பை முழுவதும் படித்து, வகை பொருந்தவில்லையென்றால் அந்த வரியைச் சுட்டிக்காட்டிச் செய்தி நிறுவனத்துக்கே எழுதுங்கள். பொதுவான கண்டனத்தைவிட, எந்த அட்டவணை, எந்த அடிக்குறிப்பு என்று குறித்து எழுதிய கடிதத்துக்குத் திருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.